கறுப்பினக் கண்டுபிடிப்பாளர், அமெரிக்கப் பூர்வகுடிகள்: ஒரு வகுப்பு நடத்துவது எப்படி?

அமெரிக்காவில் பிப்ரவரி கறுப்பின வரலாற்று மாதம், நவம்பர் பூர்வகுடிகள் பாரம்பரிய மாதம். ஊர் நூலகத்தில் வகுப்பெடுக்கக் கிளம்புகிற பலரும் இருபது படங்களை அட்டையில் ஒட்டி, பெயரையும் ஆண்டையும் ஒப்பிப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பத்தே நிமிடத்தில் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

படி 1: ஒரே ஒரு ஆள். காரெட் மார்கனை எடுத்துக்கொள்ளுங்கள். ஓஹியோ மாநிலத்து கிளீவ்லாந்தில் வாழ்ந்த கறுப்பினக் கண்டுபிடிப்பாளர். 1923 நவம்பரில் போக்குவரத்து சிக்னலுக்குக் காப்புரிமை வாங்கினார். கூகுள் பேடன்ட்ஸில் 1475024 என்று தேடினால் அவருடைய வரைபடமே இலவசமாகக் கிடைக்கும். அச்செடுத்து ஆளுக்கொன்று கொடுங்கள்.

படி 2: நடித்துப் பார்ப்பது. தரையில் டேப் ஒட்டி ஒரு நாற்சந்தி போடுங்கள். பிள்ளைகள்தான் வண்டிகள். முதலில் 'நில்', 'போ' இரண்டு மட்டும். சட்டென்று மாற்றினால் நடுவில் முட்டிக்கொள்வார்கள். அடுத்த சுற்றில், மாற்றும் முன் எல்லாத் திசையையும் நிறுத்துங்கள். மார்கனின் வடிவமைப்பில் இருந்த மூன்றாவது நிலை இதுதான். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

படி 3: 'முதன்முதலில்' என்ற சொல்லை அடித்துவிடுங்கள். மார்கன்தான் முதல் சிக்னலைச் செய்தார் என்று பலர் சொல்வார்கள். லண்டனில் 1868-லேயே கேஸ் விளக்கு சிக்னல் இருந்தது. கிளீவ்லாந்திலேயே 1914-ல் மின்சார சிக்னல் வந்துவிட்டது. இன்னொரு கறுப்பினக் கண்டுபிடிப்பாளரான லூயிஸ் லாட்டிமர் பல்பைக் கண்டுபிடித்தார் என்பதும் அப்படித்தான். பல்பின் கார்பன் இழையைச் செய்ய ஒரு நல்ல வழியைக் கண்டுபிடித்து 1882-ல் காப்புரிமை பெற்றார். உள்ளதே போதும். ஊதிச் சொன்னால், கையில் போன் வைத்திருக்கிற யாராவது ஒருவர் அங்கேயே உடைத்துவிடுவார், அதோடு வகுப்பு முடிந்தது.

"ஏன் இன்னும் நிறையக் கறுப்பினக் கண்டுபிடிப்பாளர்கள் இல்லை?" என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். 1858-ல் அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞர் சொன்ன முடிவு இது: அடிமை கண்டுபிடித்த பொருளுக்குக் காப்புரிமை இல்லை. அடிமை குடிமகன் அல்ல, அதனால் அவருக்குக் கிடைக்காது. எஜமானர் கண்டுபிடித்தவர் அல்ல, அதனால் அவருக்கும் கிடைக்காது. இங்கே அவசரப்படாதீர்கள். அறை கொஞ்ச நேரம் அமைதியாகும், ஆகட்டும்.

படி 4: அடுத்த பகுதிக்குப் பாலம். மார்கன் புகையில் மூச்சுவிட உதவும் முகமூடியும் செய்தார். கறுப்பர் செய்தது என்றால் அன்று பலர் வாங்க மாட்டார்கள். அதனால் வெள்ளைக்காரர் ஒருவரைக் கண்டுபிடிப்பாளராக நடிக்க வைத்து, தானே பூர்வகுடித் தலைவர் வேஷம் போட்டுப் புகைக்குள் நுழைந்து காட்டினார். "பூர்வகுடி என்றால் அன்றைய மக்கள் மனதில் என்ன படம் இருந்தது?" என்று கேளுங்கள். இறகுக் கிரீடம் என்பார்கள். சரி, இப்போது மண்ணை எடுங்கள்.

படி 5: மூன்று சகோதரிகள். ஹௌடனோசௌனி மக்கள் (வட அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள ஒரு பூர்வகுடிக் கூட்டமைப்பு) மக்காச்சோளம், கொடி பீன்ஸ், பூசணி மூன்றையும் சேர்த்து நடுவதை இப்படித்தான் அழைக்கிறார்கள். சோளத்தண்டு பீன்ஸ் ஏறக் கம்பாகிறது. பீன்ஸ் வேரிலுள்ள நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. பூசணி இலை ஈரத்தைக் காத்துக் களையை அடக்குகிறது. பெரிய தொட்டியில் முதலில் சோளம். அது சாண் உயரம் வந்ததும் பீன்ஸ். ஒரு வாரம் கழித்துப் பூசணி. மூன்றையும் ஒரே நாளில் போட்டால் பீன்ஸ் சோளத்தை அமுக்கிவிடும். (வந்தவர்களில் தமிழர்கள் இருந்தால் ஒரு காய்ந்த மிளகாயைக் காட்டுங்கள். அதுவும் மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்துப் பூர்வகுடிகள் வளர்த்தெடுத்து, போர்த்துகீசியர் மூலம் நம்மிடம் வந்ததுதான்.)

விதை மட்டும் காட்டினால் பூர்வகுடிகளுக்குச் சின்ன ஊர்கள்தான் இருந்தன என்று நினைத்துவிடுவார்கள். இல்லினாய் மாநிலத்தில், கஹோகியா என்ற பழைய பூர்வகுடி நகரத்திலுள்ள பெரிய மண்மேட்டின் படத்தையும் காட்டுங்கள். சுமார் 30 மீட்டர் உயரம். மாடும் வண்டியும் இல்லாமல் கூடை கூடையாய் மண் சுமந்து கட்டியது.

படி 6: 'வாழ்ந்தார்கள்' அல்ல, 'வாழ்கிறார்கள்'. ஹௌடனோசௌனியர் இன்றும் நியூயார்க் மாநிலத்திலும் கனடாவிலும் இருக்கிறார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்த மக்கள் இருக்கிறார்கள் என்று பார்த்து, அவர்களில் ஒருவரையே பேச அழையுங்கள். வேஷம், இறகு எதுவும் வேண்டாம். அப்புறம் ஒன்று: வருகிறவருக்குப் பயணச் செலவும் சன்மானமும் முதலிலேயே பேசிவிடுங்கள்.