ஃபோர் வீல் பிக்கப்பில் முன் ஹப் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவன், ஒரு பிக்கப்புக்கு முன் ஹப்பை (சக்கரம் பூட்டுகிற, பேரிங் உள்ள நடுப்பாகம்) மாட்டி, அதன் நடுவே வருகிற ஆக்சிலை இறுக்கும் நட்டைக் கையால் நாலு திருகு திருகிவிட்டு, வண்டியை இறக்க ஜாக்கிப் பக்கம் போனான். "ஏல, எறக்காதலே!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தம்பி பயந்துபோய் நின்றான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. இருபது வருடத்துக்கு முன்னால், பாளையங்கோட்டையில் ஒரு பட்டறையில், நானும் இதே மாதிரித் தவறைத்தான் செய்தேன். அன்றைக்குச் சத்தம் போட ஆள் இல்லாமல் போய்விட்டது.

ஸ்டாண்ட் போடாமல் வண்டிக்குக் கீழே போகக் கூடாது, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரைப் பிரேக் ஓஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்ட வேண்டும் என்பதெல்லாம் ஸ்பேனர் பிடித்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். வேலை தெரிந்தவர்களும் செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

சத்தம் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் கழற்றுவது

எங்களிடம் வருகிற ஃபோர் வீல் பிக்கப்களில் பாதி, பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை சர்வீஸுக்கு ஓடுகிறவை. அப்புறம் களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றுகிறவை, பாபநாசம் மலை ரோட்டில் ஏறி இறங்குகிறவை. இவற்றில் நிறைய வண்டிகளுக்குக் கட்டை கட்டையாகப் பட்டன் உள்ள டயர்தான். அந்த டயர் தேய்ந்தால் தானாகவே 'ஊம்' என்று ஒலிக்கும். டிரைவர் "ஹப் போச்சு அண்ணாச்சி" என்பார், நாமும் நம்பிக் கழற்றிவிடுவோம். புது ஹப் மாட்டி வண்டி போகும். மறுநாள் போன் வரும்: "அண்ணாச்சி, சத்தம் அப்படியேதான் கேக்கு."

நாங்குநேரி தாண்டி நேர் ரோடு கிடைக்கும்போது, முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, 60 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக இடப்பக்கமும் வலப்பக்கமும் வளைத்துப் பாருங்கள். இடப்பக்கம் வளைக்கும்போது பாரம் வலது சக்கரத்தில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் வலது ஹப்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எந்தப் பக்கம் வளைத்தாலும் ஒரே மாதிரி ஒலித்தால், முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தமும் பின்னால் போய்விட்டால் ஹப்பைத் தொட வேண்டாம். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், அது பால் ஜாயின்டிலா (சக்கரம் திரும்ப உதவும் குண்டு மூட்டு) ஹப்பிலா என்று இன்னொருவரைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் கைக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

இறக்கிவிட்டு அப்புறம் முறுக்கலாம் என்ற நினைப்பு

இந்தத் தவறைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் அடுத்து வருகிறவன் மறுபடி செய்கிறான். ஏன் செய்கிறான் என்று யோசித்ததில் இரண்டு காரணம் தெரிந்தது.

முதலாவது, கழற்றும்போது பழகிய பழக்கம். ஆக்சில் நட் இறுக்கமாக இருக்கும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நீளப் பைப் போட்டு அதை உடைத்துவிடுவோம். பழைய ஹப் எப்படியும் குப்பைக்குப் போகிறது, அதனால் பாதகமில்லை. மாட்டும்போதும் அதே வழியைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கையால் திருகு, டயரை மாட்டு, இறக்கு, தரையில் நிற்க வைத்து முறுக்கு. சக்கரம் சுற்றாமல் தரை பிடித்துக்கொள்கிறது, வேலை சுலபமாகிறது.

இரண்டாவது, டூ வீல் டிரைவ் சுமை வண்டியில் பழகிய கை. அவற்றில் பெரும்பாலும் தனித்தனியாக இரண்டு டேப்பர் பேரிங் இருக்கும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, அப்புறம் கொஞ்சம் தளர்த்தி, ஆட்டம் பார்த்து, நட் கழலாமல் குறுக்கே கோட்டர் பின் செருகுவோம். பழைய ஜீப் வகை ஃபோர் வீல் வண்டிகளிலும் அப்படித்தான். அங்கே அதுதான் சரி. ஆனால் பேரிங்கும் ஹப்பும் ஒன்றாக வருகிற யூனிட்டை அந்தக் கையோடு தொட்டால் போச்சு.

உள்ளே இருப்பதைச் சொல்கிறேன். அந்த யூனிட்டுக்குள் இரண்டு வரிசை குண்டுகளோ உருளைகளோ இருக்கும், வரிசைக்கு ஒன்றாக இரண்டு உள்வளையங்கள் இருக்கும். ஆக்சில் ஹப்பின் நடுவே வந்து, நட் இறுகும்போது அந்த இரண்டு வளையங்களும் ஒன்றோடொன்று நெருங்கி அழுந்தும். அந்த அழுத்தத்தில்தான் பாரம் எல்லாக் குண்டுகளுக்கும் பிரிகிறது. நட் தளர்வாக இருக்கும்போது வண்டியை இறக்கினால், முன் சக்கரம் தாங்கும் முழு எடையும் ஒரு பக்கத்து நாலைந்து குண்டுகளின் தலையில் விழும். அப்படியே நாலடி உருட்டினால் வளையங்கள் விலகும். சில புது யூனிட்களில் உள்வளையம் கழலாதபடி ஹப்பின் நுனியையே மடித்துப் பூட்டியிருப்பார்கள். மாட்டிய பிறகு வெளியிலிருந்து பார்த்தால் எது எந்த வகை என்று தெரியாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்துவதே நல்லது.

நான் செய்தது இதுதான். சிவி ஜாயின்ட் பூட் (ஆக்சில் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை) கிழிந்த ஒரு வண்டியில் புது ஹப்பும் போட்டோம். பூட் வர மறுநாள் ஆகும் என்பதால் ஆக்சில் வெளியே கிடந்தது. சாயங்காலம் ஒரு லாரி உள்ளே வர வேண்டியிருந்தது. சக்கரத்தை மாட்டி, நாலு பேர் சேர்ந்து பிக்கப்பைப் பத்தடி பின்னால் தள்ளினோம். "தள்ளுனதுல என்ன ஆயிரப் போவுது" என்று சொன்னவனே நான்தான். மறுநாள் ஆக்சிலைப் பூட்டி, நட்டைப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு முறுக்கினேன். ஓட்டிப் பார்த்தோம், ஒரு சத்தமும் இல்லை. மூன்று வாரத்தில் வண்டி உறுமிக்கொண்டே திரும்பி வந்தது. இரண்டாவது ஹப்புக்கான காசை என் சம்பளத்தில் பிடித்தார்கள்.

அந்த ஹப்பைப் பெரிய மேஸ்திரி தூக்கிப் போடவிடவில்லை. கிரைண்டர் போட்டு வெட்டி, உள்வளையத்தை மண்ணெண்ணெயில் கழுவி என் கையில் கொடுத்தார். குண்டு ஓடுகிற பாதை கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்க வேண்டும். அதில் பல்லாங்குழி மாதிரி சம இடைவெளியில் நாலு மங்கல் புள்ளிகள் தெரிந்தன. "நகத்த வச்சு இழுத்துப் பாரு" என்றார். இழுத்தேன். ஒவ்வொரு புள்ளியிலும் நகம் தட்டியது. வண்டியைத் தள்ளிய அந்தப் பத்தடியில் விழுந்த குழிகள் அவை. அப்புறம் சரியாக முறுக்கியதால் குழி ஆறிவிடவில்லை, ஒவ்வொரு சுற்றிலும் குண்டு அதில் இறங்கி ஏறிப் பாதையை உரித்துக்கொண்டே போயிருக்கிறது.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? சக்கரம் தூக்கியபடியே இருக்கட்டும். காலிப்பரை மாட்டி, ஒருவரை உள்ளே உட்காரவைத்துப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் இரண்டு வீல் போல்ட்டில் நட்டைத் திருகி, மரை சேதமாகாமல் நடுவே கடப்பாரையைக் கொடுத்துத் தரையில் முட்டுக் கொடுங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முழு அளவும் முறுக்கி, கோட்டர் பின்னைப் போட்டு, அதன் பிறகு இறக்குங்கள். அளவு வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் புத்தகத்தில் பார்க்க வேண்டும். பிக்கப்களில் பெரும்பாலும் 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தொங்கவிட்டால் கிடைக்கிற முறுக்கு ஏறக்குறைய 245. எவ்வளவு பெரிய இறுக்கம் என்பது அதிலிருந்தே தெரியும்.

ஆக்சிலை வெளியே அனுப்பிவிட்டு வண்டியை நகர்த்தியே ஆக வேண்டுமென்றால், பழைய சிவி ஜாயின்டின் வெளித் துண்டை மட்டும் ஹப்பில் செருகி நட்டை முறுக்குங்கள். எங்கள் பட்டறையில் அதற்கென்றே சில துண்டுகள் எண்ணெய் பூசித் தொங்குகின்றன. நல்ல ஹப் உள்ள வண்டியில் பூட் மாற்றுவதற்காக நட்டைக் கழற்றும்போதும் இதே கவனம் வேண்டும். அங்கே தரையில் வைத்து உடைத்தால் நல்ல பேரிங்கைக் கெடுத்துவிடுவீர்கள்.

ஏர் கன்

காற்றழுத்தத்தில் நட்டைச் சுழற்றுகிற கருவி. கழற்ற மட்டும். முறுக்க வேண்டாம்.

லேத்தில் பிரஸ் போடும்போது

சில வண்டிகளில் பேரிங் தனியாக வரும், நக்கிளுக்குள் (ஹப்பைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புத் துண்டு) பிரஸ் போட வேண்டும், அதாவது பிரஸ் மெஷினில் அழுத்தி ஏற்ற வேண்டும். நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும். ஹப்பை அதற்குள் ஏற்றும்போது உள்வளையத்துக்கு அடியில் முட்டு இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பிரஸ்ஸின் அழுத்தம் குண்டுகள் வழியாகப் போய், நான் மேலே சொன்ன அதே குழிகள் மாட்டும் முன்பே விழுந்துவிடும். லேத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போகாமல் பக்கத்திலேயே நில்லுங்கள்.

ஏபிஎஸ் வளையத்தைக் கவனிக்காதது

ஏபிஎஸ் என்பது பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு. அதன் சென்சார் சக்கரத்தின் வேகத்தைப் படிக்க, நிறைய பேரிங்களில் ஒரு பக்கத்து சீலிலேயே காந்த வளையம் இருக்கிறது. அது சென்சார் பக்கம் வர வேண்டும். கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும். ஒரு சின்ன குண்டூசியைக் கொண்டுபோனால் காந்தப் பக்கம் லேசாக ஈர்க்கும். மாற்றி ஏற்றிவிட்டால் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு அணையாது, மறுபடி பிரஸ்தான். போல்ட் போட்டு வைக்கிற காந்தத் தட்டில் புது ஹப்பை வைக்காதீர்கள். சென்சார் துருவில் பிடித்திருந்தால் வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். டபிள்யூடி-40 அடித்து, அரை மணி நேரம் விட்டு, இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டே எடுங்கள்.

துருவின் மேலேயே மாட்டுவது

உவரி, இடிந்தகரை பக்கத்து வண்டி என்றால் நக்கிளைக் கழற்றும் முன்பே தெரிந்துவிடும். உப்புக்காற்றில் ஹப் நக்கிளோடு ஒட்டிப்போயிருக்கும். பின்பக்கப் போல்ட்களை முழுதாக எடுக்காமல் சில மரை தளர்த்தி, பித்தளைக் கட்டை வைத்து ஒவ்வொன்றின் தலையிலும் மாறி மாறித் தட்டினால் மெல்ல அசைந்து வரும். ஆக்சிலின் மரை நுனியில் சம்மட்டியால் அடிக்கக் கூடாது. ஹப் வந்ததும் உட்காரும் இடத்தை எமரி பேப்பரால் வெள்ளை தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஒரு துருச் செதில் நடுவில் மாட்டினாலும் ஹப் சாய்ந்து உட்காரும், டிஸ்க் கோணும், பிரேக் போடும்போது பெடல் உதைக்கும். அப்புறம் டிஸ்க்கைக் குறை சொல்லி அதையும் மாற்றுவார்கள்.

பழைய ஆக்சில் நட்

ஓரத்தைத் தட்டி மடக்கிப் பூட்டுகிற நட் என்றால், புதியது வாங்குங்கள்.

சீல் வைத்த யூனிட்டுக்கு கிரீஸ்

உள்ளே போக வழியில்லை.

ஒரு சக்கரத்தைத் தூக்கி, ஃபோர் வீலில் என்ஜினை ஓட்டிப் பார்ப்பது

வண்டி ஸ்டாண்டிலிருந்து பாய்ந்துவிடும். கையால் சுற்றிப் பாருங்கள்.

தண்ணீரில் நின்ற வண்டியில் ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை மீறியபோது, ஹப்புக்கு மேல் தண்ணீரில் ஓடிய பிக்கப்கள் எத்தனையோ. ஓடிச் சூடான பேரிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும், சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். உடனே ஒன்றும் தெரியாது. அந்த வண்டிகள் எங்களிடம் வந்தது மார்ச், ஏப்ரலில். ஒரு பக்கம் உறுமும், அதை மாற்றிக்கொண்டு போவார்கள், அடுத்த மாதமே மறுபக்கத்துக்கு வருவார்கள். இப்போது அப்படிப்பட்ட வண்டி வந்தால் மறுபக்கத்தையும் தூக்கி, காயில் ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கிறேன். மணல் அரைபடுகிற மாதிரி ஒரு நடுக்கம் விரலில் தட்டினால், உரிமையாளரையே கூப்பிட்டு அவர் கையையும் அங்கே வைக்கச் சொல்கிறேன்.