வெளிநாட்டில் இருக்கும்போது வங்கி கார்டு காலாவதியாகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்டில் 08/27 என்று அச்சிட்டிருந்தால், 2027 ஆகஸ்ட் 31 வரை அது செல்லும். ஆகஸ்ட் பிறந்ததுமே முடிந்துவிடும் என்று பதற வேண்டாம். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடலாம்: காலாவதியாவது கார்டு மட்டும்தான். கணக்கும் அதிலுள்ள பணமும் அப்படியே இருக்கும், நெட் பேங்கிங்கில் பணம் அனுப்புவதும் வழக்கம்போல நடக்கும்.

சொந்த நாட்டிலேயே இருப்பவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. கவர் வீட்டுக்கு வரும், பிரித்து எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். வெளிநாட்டில் இருப்பவருக்கு, கார்டு போய்ச் சேரும் முகவரி ஓரிடம், ஓ.டி.பி. வரும் எண் இன்னொரு நாட்டு எண், அவர் இருப்பது மூன்றாவது இடம். இந்த மூன்றையும் ஒன்றுசேர்ப்பதுதான் வேலையே. அதில் மாட்டிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றுதான்: பழைய கார்டு செல்லும்போதே முடித்திருக்க வேண்டியதை, அது நின்ற பிறகு ஆரம்பிக்கிறார்கள்.

பல வங்கிகளிடம் "இது நான்தான்" என்று நிரூபிக்கவே பழைய கார்டு தேவைப்படும். புதிய போனில் வங்கிச் செயலியைத் திறக்கக் கார்டு எண்ணும் பின் நம்பரும் கேட்பார்கள். வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டாலும் கார்டு எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். ஆகவே கார்டு செல்லும் காலம் வரைதான் உங்கள் கை ஓங்கியிருக்கும். மூன்று மாதம் முன்னதாக ஆரம்பித்தால் நிதானமாக முடிக்கலாம்.

தானாக வந்துவிடும் என்று காத்திருப்பது

காலாவதிக்குச் சில வாரங்கள் முன்பே புதிய கார்டைத் தாங்களாகவே அனுப்பிவைக்கும் வங்கிகள் நிறைய. ஆனால் எல்லாக் கார்டுக்கும் அது நடக்காது. நெடுநாளாகப் பயன்படுத்தாத கார்டைச் சில வங்கிகள் புதுப்பிப்பதில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களின் பழைய கணக்குகள் பெரும்பாலும் இந்த வகையில்தான் இருக்கும்.

அனுப்பினாலும், அது போவது வங்கியிடம் பதிவாகியிருக்கும் முகவரிக்கு. காலி செய்த வாடகை வீட்டு முகவரி இன்னும் அங்கே இருந்தால், கார்டு முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகும். அஞ்சலகத்தில் முகவரி மாற்றம் சொல்லியிருக்கிறோமே என்று நம்பவும் முடியாது. கார்டு இருக்கும் கவரை வேறு முகவரிக்குத் திருப்பக் கூடாது, அனுப்பியவருக்கே திருப்ப வேண்டும் என்று பல வங்கிகள் குறித்தே அனுப்புகின்றன. திரும்பி வந்த கார்டை வங்கி அழித்துவிடலாம், அது உங்களுக்குத் தெரியாமலே போகலாம்.

வங்கியிடம் இவற்றைக் கேட்டுவிடுங்கள்: கார்டு தானாக வருமா, எந்த முகவரிக்கு, வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா, கார்டு எண்ணும் பின் நம்பரும் மாறுமா, எப்படி ஆக்டிவேட் செய்வது. இந்தப் பதில்களைச் செயலியின் செய்திப் பெட்டி வழியாக எழுத்தில் வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. வெளிநாட்டிலிருந்து கட்டணமில்லா எண்கள் பல சமயம் கிடைக்காது. பல கார்டுகளின் பின்பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து அழைக்க நாட்டுக் குறியீட்டோடு தனி எண் இருக்கும், அதை இப்போதே குறித்து வையுங்கள்.

முகவரி மாற்றத்தைக் கடைசியில் செய்வது

முகவரியை மாற்றி, மறுநாளே புதிய கார்டு கேட்டால் வங்கிக்குச் சந்தேகம் வரும். கணக்கைத் திருடுகிறவர்கள் செய்வதும் இதே இரண்டு காரியங்கள்தான், இதே வரிசையில்தான். அதனால் முகவரி மாறிய பிறகு கொஞ்ச நாள் கார்டு அனுப்பாமல் நிறுத்திவைக்கும் வங்கிகள் உண்டு. முகவரியை முதலில் மாற்றுங்கள், கார்டை அப்புறம் கேளுங்கள்.

வெளிநாட்டில் குடியிருப்பதை வங்கியிடம் மறைக்கலாமா என்று சிலர் யோசிப்பார்கள். வேண்டாம். ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 2014-இல் கொண்டுவந்த பொது அறிக்கையிடல் முறையின்படி (நாடுகள் வரிக்காகக் கணக்கு விவரங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது), அதில் சேர்ந்துள்ள நாடுகளின் வங்கிகள் கணக்கு வைத்திருப்பவர் வரிக்காக எந்த நாட்டுவாசி என்று கேட்டே ஆக வேண்டும். சில இடங்களில் வெளிநாட்டில் குடியேறியவருக்குக் கணக்கின் வகையே மாறும். முறையாக மாற்றிவிட்டால் வெளிநாட்டுக்குக் கார்டு அனுப்பும் வசதியும் சில வங்கிகளில் கூடவே வரும்.

ஓ.டி.பி. எண்ணை மறந்துவிடுவது

எல்லாவற்றிலும் ஆளைக் கட்டிப்போடுவது இதுதான். கார்டு கேட்க ஓ.டி.பி., ஆக்டிவேட் செய்ய ஓ.டி.பி., பின் நம்பர் வைக்க ஓ.டி.பி. அது வருவது சொந்த நாட்டு சிம்முக்கு. அந்த சிம்மோ டிராயரில் தூங்குகிறது, அல்லது ரீசார்ஜ் செய்யாமல் சேவையே நின்றுபோயிருக்கிறது. நெடுநாள் பயன்படுத்தாத எண்ணைத் தொலைபேசி நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்படியானால் உங்கள் வங்கியின் ரகசிய எண் யாரோ ஒருவருடைய போனுக்குப் போகும்.

இதில் ஒரு சுழலும் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. அந்த சிம்முக்கு மாதாமாதம் பணம் கட்டுவது எந்தக் கார்டு? காலாவதியாகப் போகும் அதே கார்டாக இருந்தால், கார்டு நின்றதும் சிம் நிற்கும், சிம் நின்றதும் புதிய கார்டை ஆக்டிவேட் செய்ய முடியாது. சிம்முக்கான பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுங்கள், அல்லது வேறு கார்டுக்கு மாற்றுங்கள். ரோமிங்கில் குறுஞ்செய்தி வருகிறதா என்று இப்போதே ஒரு சோதனை ஓ.டி.பி. வரவழைத்துப் பாருங்கள். வெளிநாட்டு எண்ணைப் பதிவு செய்ய வங்கி அனுமதித்தால், அல்லது குறுஞ்செய்திக்குப் பதில் செயலியிலேயே ஒப்புதல் தரும் வசதி இருந்தால், அதற்கு மாறிவிடுவதே என் கருத்தில் மிக நல்ல வழி. அதற்கும் பழைய சிம் ஒரு தடவை வேலை செய்தாக வேண்டும்.

உறவினரிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பது

கார்டை வீட்டுக்கு வரவைத்து, அங்கிருந்து யாராவது அனுப்பட்டும் என்பது நடைமுறையில் பலரும் செய்வது. அதில் தப்பில்லை. தவறு அதற்குப் பிறகு வருகிறது. கவரைப் பிரித்து, கார்டின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்துச் செய்தியில் அனுப்பச் சொல்கிறார்கள். எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால், கார்டே இல்லாமல் இணையத்தில் பொருள் வாங்கிவிடலாம். அந்தப் படம் இரண்டு போன்களிலும் காப்புப் பிரதிகளிலும் கிடக்கும்.

பின் நம்பரைச் சொல்லி, "ஏ.டி.எம்.மில் ஒரு தடவை போட்டு எடுத்துவிடுங்கள்" என்பதும் வேண்டாம். பின் நம்பரை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது வங்கியோடு நீங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்திலேயே இருக்கும். பிறகு பணம் காணாமல் போனால், உறவினர் நல்லவராகவே இருந்தாலும், வங்கி பொறுப்பேற்க மறுக்க அது காரணமாகிவிடும். பிரிக்காத கவராகவே அனுப்பச் சொல்லுங்கள். ஊரிலிருந்து வரும் நம்பிக்கையான ஒருவர் கையில் கொடுத்துவிடுவது நல்லது. பின் நம்பர் தனிக் கடிதமாக வந்தால் கார்டோடு சேர்த்து அனுப்பக் கூடாது. கவரை உங்களிடம் மட்டும்தான் தருவோம் என்று சில வங்கிகளின் கூரியர் அடையாள அட்டை கேட்பதும் உண்டு. வீட்டில் இருப்பவர் வாங்கலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சீக்கிரம் வரட்டும் என்று "தொலைந்துவிட்டது" எனச் சொல்வது

இந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தொலைந்ததாகச் சொன்ன மறுகணமே கையில் இருக்கும் கார்டு முடக்கப்படும், அதைத் திரும்ப உயிர்ப்பிக்க மாட்டார்கள். புதிய கார்டுக்குப் புதிய எண் வரும், அதனால் பழைய எண்ணைக் கொடுத்த இடங்கள் எல்லாமே அறுந்துபோகும். சாதாரணப் புதுப்பித்தலில் பல வங்கிகள் எண்ணை மாற்றுவதில்லை, காலாவதித் தேதியும் பின்பக்கத்து மூன்று இலக்கமும்தான் மாறும். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் வெளிநாட்டில் கார்டைத் தொலைத்தவருக்கு அவசரக் கார்டு தரும் ஏற்பாடு இருக்கிறது. அது நிஜமாகவே தொலைத்தவருக்கு.

கையில் கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது

ஆக்டிவேட் செய்த புதிய கார்டைக் கடையில் தட்டினால் முதல் தடவை வேலை செய்யாமல் போகலாம். சிப்பைச் செருகி, பின் நம்பர் போட்டு ஒரு பரிவர்த்தனை செய்த பிறகே தட்டிச் செலுத்தும் வசதியைப் பல வங்கிகள் திறக்கின்றன. வெளிநாட்டுப் பயன்பாடு மூடியபடியே வரும் கார்டுகளும் உண்டு, செயலியில் போய்த் திறக்க வேண்டும். தங்கள் சொந்த ஏ.டி.எம்.மில் மட்டுமே ஆக்டிவேட் செய்ய விடும் வங்கி என்றால், ஊருக்குப் போகும் தேதியை ஒட்டியே கார்டைக் கேட்பது புத்திசாலித்தனம்.

தானியங்கிக் கட்டணங்கள் எல்லாம் தாமாக மாறிவிடாது. புதிய விவரங்களை வணிகர்களுக்குச் சேர்க்கும் சேவை விசாவிடமும் மாஸ்டர்கார்டிடமும் இருக்கிறது. வங்கியும் வணிகரும் இருவருமே அதில் சேர்ந்திருந்தால்தான் அது நடக்கும். கடந்த ஒரு வருடக் கணக்கறிக்கையைத் திறந்து பாருங்கள். மாதச் சந்தாக்கள் நினைவில் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை போகும் காப்பீடு, இணையதளப் பெயர்ப் பதிவு போன்றவைதான் கண்ணுக்குத் தப்பும்.

இந்தச் சமயத்தில் "உங்கள் கார்டு காலாவதியாகிறது, இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று செய்தி வந்தால் அழுத்தாதீர்கள். நீங்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் நேரம் என்பதால் நம்பத் தோன்றும். வங்கியின் செயலியை நீங்களே திறந்து பாருங்கள்.

இடைப்பட்ட நாட்களுக்கு வேறொரு வங்கியின் கார்டு கையில் இருக்கட்டும், அதுவும் இதே மாதத்தில் காலாவதியாகவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில வங்கிகள் பிளாஸ்டிக் கார்டு வரும் முன்பே அதன் டிஜிட்டல் வடிவத்தைப் போன் வாலட்டில் சேர்க்க விடுகின்றன. உங்கள் வங்கியில் அது இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

புதிய கார்டு கடையிலும் ஏ.டி.எம்.மிலும் இணையத்திலும் ஓடும் வரை பழையதை வெட்ட வேண்டாம். ஹோட்டலுக்கோ வாடகைக் காருக்கோ பழைய கார்டில் முன்பதிவு செய்திருந்தால், பணம் செலுத்திய கார்டைக் காட்டச் சொல்வார்கள், அதுவரை அது பையில் கிடக்கட்டும். அந்த வேலைகள் முடிந்ததும் சிப்புக்கும் காந்தப் பட்டைக்கும் குறுக்கே வெட்டி, துண்டுகளை வேறு வேறு குப்பையில் போடுங்கள்.