பழனி நடைக்கு 48 நாள்: தொடைக்குள் அடுப்பு மூட்டும் கணக்கு

கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, மடத்துக்குளம் வழியாகப் பழனிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். மூன்று நாளில் முடிக்க நினைத்தால் நாளுக்கு 35 கி.மீ. நடக்க வேண்டும். 65 கிலோ எடையுள்ளவருக்கு அந்த 35 கி.மீ. நடைக்கு மட்டும் ஏறக்குறைய 1,700 கலோரி செலவாகும்.

உடம்பில் இருப்பு எவ்வளவு? தசைகளில் கிளைக்கோஜன், அதாவது சேமித்த மாவுச்சத்து, சுமார் 400 கிராம். ஈரலில் சுமார் 100 கிராம். மொத்தம் 2,000 கலோரி. கொழுப்போ 10 கிலோ இருந்தாலே 80,000 கலோரிக்குக் குறையாது. கிளைக்கோஜன் சட்டைப்பைச் சில்லறை. கொழுப்பு வங்கியில் கிடக்கும் பணம். வங்கிப் பணத்தை எடுக்கத் தெரியாத கால்தான் இரண்டாம் நாள் உடுமலைப் பக்கம் படுத்துக்கொள்கிறது.

அந்தச் சில்லறையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஈரலில் இருக்கும் கிளைக்கோஜன் குளுக்கோஸாக ரத்தத்துக்கு வரும். தசையில் இருப்பது வராது. அதை வெளியே விடத் தேவையான குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டேஸ் நொதி தசையில் கிடையாது. கைத் தசையில் எவ்வளவு இருந்தாலும் தொடைத் தசைக்குக் கடன் கிடைக்காது.

எதை எரிப்பது என்பதை வேகம்தான் தீர்மானிக்கிறது. பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற நடையில் செலவில் பாதி அளவுக்கோ அதற்கு மேலோ கொழுப்பு கொடுக்கும். மூச்சு வாங்க நடந்தால் கால்சியமும் அட்ரினலினும் சேர்ந்து கிளைக்கோஜன் பாஸ்போரிலேஸ் நொதியை முடுக்கிவிடும். மாவுச்சத்து மளமளவென்று கரையும். அதே நேரத்தில், செல்லுக்குள் எரிபொருளை எரிக்கும் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொழுப்பு நுழைகிற வழியும் குறுகிவிடும். விடிகாலைக் குளிரில், கூட்டத்தின் உற்சாகத்தில் முதல் 10 கி.மீ.யை ஓட்டமும் நடையுமாகக் கடப்பவர்கள் செய்கிற தப்பு இதுதான். மெதுவாகப் போவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

கொழுப்பை எரிக்கும் அடுப்பைப் பெரிதாக்க முடியும். 1967இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹோலோசி எலிகளை வாரக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தபோது அவற்றின் தசையில் மைட்டோகாண்ட்ரியா நொதிகள் ஏறக்குறைய இரட்டிப்பாகின. மனிதத் தசையிலும் சிட்ரேட் சிந்தேஸ் போன்ற நொதிகள் ஆறு, எட்டு வாரப் பயிற்சியில் நன்றாகவே கூடுகின்றன. மாலை போட்டு 48 நாள் விரதம் இருப்பவர்களுக்குக் கணக்குச் சரியாக இருக்கிறது. மாலை போடும் அன்றே நடையையும் தொடங்கிவிடுங்கள்.

வாரத்தில் நான்கு நாள் 45 முதல் 60 நிமிடம் பேச்சு நடை. அதில் ஒரு நாள் விடிகாலையில் வெறும் வயிற்றில் நடக்கலாம். மாவுச்சத்து குறைவாக இருக்கும்போது நொதிகளைப் பெருக்கும் சமிக்ஞை பலமாகக் கிடைக்கும். ஒரு நாள் மருதமலை அல்லது சென்னிமலைப் படி ஏறுங்கள். ஏறியவர் வண்டி பிடிக்காமல் படியிலேயே இறங்கவும் வேண்டும். ஒரு நாள் நீண்ட நடை: வாரவாரம் 10, 13, 16 கி.மீ., நான்காம் வாரம் 10க்கு இறக்கி ஓய்வு, பிறகு 20, 25. ஏழாம் வாரம் அரை மணி நடை மட்டும். முழுக்க நிறுத்திவிட்டால் ஏறிய நொதி சீக்கிரம் இறங்கத் தொடங்கும்.

படி இறங்குவது ஏன் அவ்வளவு முக்கியம்? இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படும். மறுநாள் வலிக்குக் காரணம் அதுதான். லாக்டிக் அமிலம் தேங்குவதாகச் சொல்வது பழைய கதை. லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் எரிந்துவிடும். சேதமான தசை கிளைக்கோஜனையும் சரியாக நிரப்பிக்கொள்ளாது. ஒருமுறை வலித்துத் தேறிய தசை அடுத்த முறை அவ்வளவு சேதப்படாது. அந்த வலியைப் பழனிக்கு முன்பே பட்டுவிடுவது நல்லது.

யாத்திரை நாளில் விரதப் பட்டினி வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து: ஒரு பெரிய வாழைப்பழமும் ஒரு கடலைமிட்டாயும் போதும். உப்புப் போட்ட மோரோ கம்மங்கூழோ கூட இருக்கட்டும். கிளம்ப அரை மணி முன்பு மட்டும் சர்க்கரைத் தண்ணீர் குடிக்காதீர்கள். இன்சுலின் ஏறிக் கொழுப்பு உடைவது தடைபடும். நடக்கும்போது குடித்தால் இன்சுலின் அவ்வளவு ஏறாது. வழிநெடுகக் கிடைக்கும் பஜ்ஜி வயிற்றிலேயே கிடக்கும், காலுக்கு வந்து சேர நேரமாகும்.

சாயங்காலம் தங்குமிடம் சேர்ந்ததும் முதலில் சாப்பாடு, குளியல் அப்புறம். நடை முடிந்த கையோடு தசை குளுக்கோஸை வேகமாக இழுத்துக்கொள்ளும். அதைக் கிளைக்கோஜனாக மாற்றிச் சேமிக்கும் கிளைக்கோஜன் சிந்தேஸ் நொதி அப்போது விழிப்பாக இருக்கும். முதல் நான்கு மணி நேரத்தில் மணிக்கு, எடையில் கிலோவுக்கு 1 கிராம் மாவுச்சத்து என்பது கணக்கு. 65 கிலோக்காரருக்கு அது மணிக்குக் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த சோறு. அரிசிம்பருப்புச் சாதமாக இருந்தால் புரதமும் சேர்ந்தே வந்துவிடும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் ஊசியோ, இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் அளவு கேட்காமல் கிளம்பக் கூடாது. தசை இரவிலும் குளுக்கோஸை இழுத்துக்கொண்டே இருப்பதால் தூக்கத்தில் சர்க்கரை இறங்கலாம். நாட்டுச்சர்க்கரைப் பொட்டலம் தலைமாட்டில் இருக்கட்டும்.

கடைசியில் மலைக்கு 693 படி. அங்கே பேச்சு நடை செல்லாது, மாவுச்சத்துதான் வேலை செய்யும். அடிவாரத்தில் ஒரு வாழைப்பழம் தின்றுவிட்டு ஏறுங்கள். பஞ்சாமிர்தத்தைக் கீழே வந்து சாப்பிடலாம்: அதிலுள்ள குளுக்கோஸ் தசைக்கு, பிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை பெரும்பாலும் ஈரலுக்கு.