பெரியமேட்டை அதிரவைப்பது எப்படி? கால்பந்து ரசிகர்களுக்கு ஓர் ஆட்டநாள் வழிகாட்டி

சென்னை பெரியமேட்டில் உள்ள ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் ஏறத்தாழ 40,000 பேர் அமரலாம். ஐஎஸ்எல் எனப்படும் இந்தியன் சூப்பர் லீக் அணியான சென்னையின் எஃப்சி அங்கு ஆடும் வாரநாள் ஆட்டங்களுக்கு வருவோர் அதில் ஒரு சிறு பகுதியினரே. அவர்களும் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறி அமர்ந்துவிடுவதால், ஓரிடத்தில் எழும் குரல் பக்கத்து ஸ்டாண்டை எட்டுவதற்குள் அடங்கிப்போகிறது. கூட்டம் இல்லாததால்தான் சத்தம் இல்லை என்று பலரும் காரணம் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். முந்நூறு பேர் தோளோடு தோள் உரசி நின்று 90 நிமிடமும் விடாமல் பாடினால், பரவிக் கிடக்கும் மூவாயிரம் பேரைக் காட்டிலும் அவர்களுடைய குரலே களத்தில் தெளிவாகக் கேட்கும். எனவே இருக்கிற கூட்டத்தை எப்படி ஒன்றுதிரட்டுவது என்பதிலிருந்து தொடங்குவதே முறை. பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர்மச்சான்ஸ் போன்ற ரசிகர் குழுக்களில் இருப்பவர்களுக்கு இவற்றில் சில ஏற்கெனவே பழகியவையாக இருக்கலாம். நாலு நண்பர்களோடு முதன்முறையாக வருபவரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் இடம். ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் கோலுக்குப் பின்னால் இருக்கும் தெற்கு ஸ்டாண்டில் ஏறத்தாழ 25,000 பேர் நின்றபடியே ஆட்டம் பார்க்கிறார்கள். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு நாமும் கோலுக்குப் பின்னால் போய் நிற்க ஆசைப்படுகிறோம். ஆனால் டோர்ட்மண்டில் ஓடுபாதை கிடையாது, பெரியமேட்டில் உண்டு. எட்டுப் பாதைகள் கொண்ட வழக்கமான 400 மீட்டர் ஓடுபாதை உள்ள எந்த அரங்கிலும், பக்கவாட்டுக் கோட்டிலிருந்து பாதையின் வெளிவிளிம்பு பன்னிரண்டு மீட்டர் தொலைவில் இருக்கும். கோல் கோட்டிலிருந்து கணக்கிட்டால், பாதை அரைவட்டமாக வளைவதால், அதே தொலைவு முப்பத்தைந்து மீட்டரைத் தாண்டிவிடும். குரல் கொடுப்பவர்கள் அவ்வளவு தள்ளி நின்றால் பாதி உழைப்பு காற்றோடு போய்விடும். ஆகவே இத்தகைய அரங்குகளில் பக்கவாட்டு ஸ்டாண்டே ரசிகர் குழுவுக்கு ஏற்ற இடம். மேற்கூரைக்குக் கீழே இடம் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனெனில் மேலே போகும் ஒலியைக் கூரை தடுத்துக் களத்தின் பக்கம் திருப்பிவிடும்.

இடம் முடிவானதும், டிக்கெட் விற்பனை தொடங்கும் நாளிலேயே எந்த பிளாக், எந்த வாயில் என்பதை எல்லோருக்கும் தெரிவித்துவிட வேண்டும். அவரவர் விருப்பப்படி வாங்கிக்கொண்டு உள்ளே போன பிறகு ஒன்றுசேரலாம் என்று விட்டுவிட்டால், காவலர்கள் ஒரு ஸ்டாண்டிலிருந்து மற்றொன்றுக்கு விடமாட்டார்கள். நின்று பாடுவதற்கென்று ஒரு பிளாக்கை ஒதுக்கித் தரும்படி கிளப் நிர்வாகத்திடம் சீசன் தொடங்கும் முன்பே எழுத்து மூலம் கேட்பது நல்லது. நிற்பவர்களின் முதுகுக்குப் பின்னால் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தால், அங்கே சண்டை வரும், பாட்டு வராது.

அடுத்தது வழிநடத்தல். முழக்கத்தை முன்னின்று நடத்துபவரை உலகெங்கும் உள்ள ரசிகர் குழுக்கள் ‘கேப்போ’ என்று அழைக்கின்றன. களத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டிய வேலை அது. அணி கோல் போடும் கணத்தைக்கூட மற்றவர்களின் முகத்தில்தான் பார்க்க வேண்டியிருக்கும். பெரிய தியாகம் என்பதால் ஒருவரையே முழு ஆட்டத்துக்கும் நிறுத்தாமல், பாதிக்கு ஒருவர் என்று மாற்றிக்கொள்வது நியாயம். குரல் வளமுள்ளவரைவிடக் கூட்டத்தின் மனநிலையைப் படிக்கத் தெரிந்தவரே இதற்குப் பொருத்தமானவர். ஒரு முழக்கம் சோர்வடைவதற்குச் சற்று முன்பே அதை நிறுத்தி அடுத்ததை எடுக்கும் நிதானம் அவருக்கு வேண்டும்.

டிரம்ஸ் அடிப்பவர்கள் கேப்போவின் கை தெரியும் தூரத்தில், கூட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். தூரம் கூடினால் தாளம் என்ன ஆகும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. களத்தின் எதிர்ப்பக்க ஸ்டாண்ட் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால், இங்கே அடிக்கும் அடி அங்கே கேட்க ஏறக்குறைய 0.3 விநாடி ஆகிறது. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் கைதட்டினால் இரண்டு தட்டுகளுக்கு இடையே அரை விநாடிதான் இருக்கும். அதில் பாதிக்கு மேல் தாமதத்திலேயே தொலைந்துவிடுகிறது. அரங்கம் முழுவதும் சேர்ந்து தட்டும்போது தாளம் குழம்புவது இதனால்தான். எதிர் ஸ்டாண்டுக்காரர்களுக்குத் தாளஞானம் இல்லை என்று அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. எதிர்ப்பக்கத்தைச் சேர்த்துக்கொள்ள விரும்பினால் காதுக்குப் பதிலாகக் கண்ணுக்குச் சைகை காட்ட வேண்டும்: ஒரு பெரிய கொடியை உயர்த்தித் தாழ்த்தினால் அவர்கள் அதைப் பார்த்துத் தட்டுவார்கள். 2016 யூரோ போட்டியில் ஐஸ்லாந்து ரசிகர்கள் உலகுக்கு அறிமுகப்படுத்திய கைதட்டலில், ஒவ்வொரு தட்டுக்கும் இடையே நீண்ட இடைவெளி விட்டுத் தொடங்கி மெல்ல மெல்ல வேகம் கூட்டுவார்கள். பெரிய கூட்டத்துக்கு அது எடுபடுவதற்கு அந்த இடைவெளியே முக்கியக் காரணம்.

எந்தத் தோற்கருவியைக் கொண்டுவருவது என்பதிலும் யோசிக்க வேண்டியிருக்கிறது. பறையின் அடி போல உடம்பைத் தூக்கிப்போடும் தாளம் வேறு இல்லை என்பதே என் எண்ணம். ஆனால் பறையை நெருப்பில் காய்ச்சித்தான் தோலை இறுக்க வேண்டும், அரங்குக்குள் நெருப்புக்கு இடமில்லை. நவம்பர், டிசம்பர் மாத ஆட்டங்கள் வடகிழக்குப் பருவமழையோடு வருவதால், வாயிலுக்கு வெளியே காய்ச்சிக்கொண்டு போனாலும் ஈரக்காற்றில் இடைவேளைக்குள் தோல் தளர்ந்துவிடும். ஃபைபர் தோல் பொருத்திய பறையோ, பெரிய பேஸ் டிரம்மோ இருந்தால் இந்தக் கவலை இல்லை. இரண்டு பேஸ் டிரம்மும் ஒரு சிறிய டிரம்மும் போதும். எண்ணிக்கை கூடினால் தாளம் பிசகுவதுதான் மிச்சம்.

இனி முழக்கங்கள். ஆங்கிலக் கிளப்புகளின் மெட்டுகளில் அணியின் பெயரை மட்டும் மாற்றிப் பாடுவது எளிதான வழியாகத் தோன்றும், ஆனால் நம் ஊரில் அது ஐந்தாவது வரிசையைத் தாண்டுவதில்லை. தமிழ்க் கூட்டத்துக்கு நன்றாகப் பழகியது, ஒருவர் சொல்ல மற்றவர் முடிக்கும் முறை. கோயில் திருவிழாவில் ‘அரோகரா’ சொல்லியும், வில்லுப்பாட்டில் ‘ஆமாம்’ போட்டும், ஊர்வலங்களில் ‘வாழ்க’ என்று முழங்கியும் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். ஆகவே கேப்போ ஒரு வரி சொன்னால் கூட்டம் இரண்டு அல்லது மூன்று அசைகளில் பதில் சொல்லும்படி அமையுங்கள். பதில் ‘ஆ’, ‘ஏ’, ‘ஓ’ போன்ற நெடில் ஓசையில் முடியட்டும். மெய்யெழுத்தில் முடியும் சொல்லை நெடிலைப் போல உரக்க நீட்ட முடியாது. வடசென்னைக் கானாவின் நடை கைதட்டலோடு இயல்பாகப் பொருந்தும். ஒரு சீசனுக்கு ஆறு முழக்கங்கள் போதும், புதியதாக ஒன்றை ஒரே ஆட்டத்தில் பலமுறை பாடினால்தான் அது மனத்தில் தங்கும்.

ஆட்டக்காரர்களுக்கு என்று தனி முழக்கம் அமைக்கும்போது உள்ளூர்க்காரர்களை மறந்துவிடக் கூடாது. 2018 மார்ச் 13 அன்று இதே அரங்கில் நடந்த ஐஎஸ்எல் அரையிறுதியின் இரண்டாம் சுற்றில் சென்னையின் எஃப்சி கோவாவை 3-0 என்று வீழ்த்தியபோது, ஜேஜே லால்பெக்லுவா முதல் கோலை அடித்த சில நிமிடங்களில் இரண்டாவது கோலைப் போட்டவர் வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ். சில நாட்களில் பெங்களூரு கண்டீரவா அரங்கில் இறுதி ஆட்டத்தையும் வென்று அணி இரண்டாவது முறை ஐஎஸ்எல் கோப்பையைத் தூக்கியது. அரங்கிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், தெருவெல்லாம் கால்பந்து ஆடும் ஒரு பகுதியிலிருந்து வந்தவரின் பெயரைக் கூவும்போது, அது அந்தத் தெருக்களையும் அரங்குக்குள் அழைத்துவருகிறது.

விசில் பற்றிச் சேப்பாக்கத்தில் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரிக்கெட்டில் விசில் கொண்டாட்டம். கால்பந்தில் அது நடுவரின் கருவி. பார்வையாளர் ஊதிய விசில் ஆட்டத்தில் குறுக்கிட்டதாக நடுவர் கருதினால் அவர் ஆட்டத்தை நிறுத்தி, நடுவரே பந்தைக் கீழே போடும் ‘டிராப் பால்’ முறையில் மீண்டும் தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் அணி எதிர்த்தாக்குதலில் பாய்ந்துகொண்டிருக்கும்போது நம் விசிலே அதைக் கெடுத்துவிடக் கூடும். பிளாஸ்டிக் விசிலை வீட்டில் வைத்துவிட்டு வருவதே நல்லது. 2010 தென்னாப்பிரிக்க உலகக் கோப்பையில் ஒலித்த வுவுசேலா என்ற பிளாஸ்டிக் ஊதுகுழலையும் தவிர்க்கலாம், அதன் ஒரே சுருதி ரீங்காரத்தில் எந்தப் பாட்டும் எழாது.

அரங்கின் ஒலிபெருக்கியும் ஏறத்தாழ இதே தீங்கைச் செய்கிறது. ஆட்டம் தொடங்கும் முன்பு டிஜே ஒலிக்கவிடும் சினிமாப் பாட்டு, ரசிகர்களைக் கேட்பவர்களாக மாற்றிவிடுகிறது. அணிகள் களமிறங்குவதற்கு முந்தைய பத்து நிமிடங்களும், கோல் விழுந்த அடுத்த ஒரு நிமிடமும் ஒலிபெருக்கி அமைதியாக இருக்கட்டும் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். ஒரு ரசிகர் குழு கிளப்பிடம் வைக்கக்கூடிய கோரிக்கைகளில் காசு செலவில்லாததும் பலன் மிக்கதும் இதுவே.

எப்போது பாடுவது என்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. நமக்குக் கார்னர் கிடைத்தால் டிரம்மின் வேகத்தைக் கூட்டுங்கள். எதிரணி கோல்கீப்பர் பந்தை வைத்துக்கொண்டு நேரம் கடத்தினால் ஊளையிடுங்கள். ஆட்டக்காரர் காயம்பட்டுக் கிடந்தால், அவர் எந்த அணியாக இருந்தாலும், நிறுத்திவிடுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது, எதிரணி கோல் போட்ட அடுத்த அரை நிமிடம். அந்நேரம் அரங்கில் விழும் மௌனம் ஆட்டக்காரர்களின் கால்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். பந்து நடுவட்டத்துக்குத் திரும்பும் முன்பே, எல்லோருக்கும் தெரிந்த மிக எளிய முழக்கத்தை கேப்போ எடுத்துவிட வேண்டும். இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளாத குழுக்கள் அந்தக் கணத்தில் தடுமாறுகின்றன.

கண்ணுக்கான வேலைகளில் சிறந்தது டிஃபோ, அதாவது ஆளுக்கோர் அட்டை பிடித்து ஸ்டாண்டையே ஒரு பெரிய படமாக்குவது. கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் இதில் ஒருவரையொருவர் விஞ்சப் பார்க்கிறார்கள். 20 வரிசையும் வரிசைக்கு 30 இருக்கையும் கொண்ட பிளாக்குக்கு 600 அட்டைகள் வேண்டும். கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்துக்கு ஓர் இருக்கை என்று படத்தை வரைந்து, சார்ட் பேப்பரைப் பாதியாக வெட்டி, ஆட்டத்தன்று காலையிலேயே இருக்கைகளில் ஒட்டிவிட வேண்டும். அட்டையின் பின்புறம், ‘அணிகள் வரும்போது தலைக்கு மேல் பிடிக்கவும், முகம் மறைய வேண்டும், முடிந்ததும் காலடியில் வைக்கவும், எறிய வேண்டாம்’ என்று எழுதியிருக்கட்டும். எழுதாவிட்டால் பாதிப்பேர் அதை விசிறியாக்கிக்கொள்வார்கள், புழுக்கம் அப்படி! பேனருக்கு ஃப்ளெக்ஸைவிடக் காடாத் துணி மேல்: விளக்கொளியில் மினுங்காது, மடித்தால் வெடிக்காது, துவைத்து மறுபடியும் எழுதலாம். சுவர் விளம்பரம் எழுதிப் பழகிய ஓவியர் ஒருவர் உங்கள் பகுதியில் இருந்தால் அவரிடம் கொடுங்கள். கட்டம் பிரித்துப் பெரிதாக்கும் வித்தை அவர்களுக்குக் கைவந்தது.

டிரம்ஸ், கொடிக்கம்பு, பேனர் எதுவானாலும், அளவையும் கொண்டுவருபவரின் பெயரையும் எழுதிக் கிளப்பிடம் முன்கூட்டியே அனுமதிக் கடிதம் வாங்கி, அதன் நகலை வாயிலில் நிற்பவரிடம் காட்டுங்கள். பட்டாசும் புகைக்குப்பியும் லேசரும் கூடவே கூடாது. 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். படிக்கட்டும் வெளிவாயிலும் எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்ற விதிக்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

கெட்ட வார்த்தை முழக்கங்களை நான் ஆதரிப்பதில்லை. ஒரு முறை சிரிப்பு வரும். மறு ஆட்டத்துக்கு அம்மாவும் தங்கையும் வரமாட்டார்கள். வடகிழக்கு மாநில ஆட்டக்காரர்களின் முகத்தையோ, ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களின் நிறத்தையோ கேலிசெய்பவரைக் குழுவே தடுத்து வெளியேற்ற வேண்டும். கேரளா பிளாஸ்டர்ஸ் வரும் நாளில் மஞ்சள் சட்டைக்காரர்கள் ரயிலேறித் திரளாக வருவார்கள். அவர்களைப் பாட்டில் மிஞ்சுவதற்குத்தான் போட்டி, வாயிலில் மறிப்பதற்கு அல்ல.

கூட்டத்தைப் பெருக்க, கேட்பது ஒன்றே வழி. 2018 ஜூனில் மும்பையில் இந்திய அணி சீன தைபேயோடு ஆடியபோது வந்தவர்கள் 2,569 பேர். ‘எங்களைத் திட்டவாவது அரங்குக்கு வாருங்கள்’ என்று அப்போதைய இந்திய அணித் தலைவர் சுனில் சேத்ரி ஒரு காணொளியில் கேட்டுக்கொண்டார்; ஜூன் 4 அன்று கென்யாவுடனான அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் முழுவதும் விற்றுப்போயிற்று. சேத்ரிக்கு இருக்கும் செல்வாக்கு நமக்கு இல்லாவிட்டாலும், வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் மாலையில் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளின் பயிற்சியாளரிடம் நேரில் போய்ப் பேச முடியும். இருபது பிள்ளைகள் வந்தால் அவர்களை டிரம்முக்குப் பக்கத்திலேயே நிறுத்துங்கள். இரவு 7:30 மணி ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகிவிடும் என்பதால், அவர்களை வீடு சேர்க்க யார் கூடப் போவது, எந்த ரயில் என்பதை வரும்போதே முடிவுசெய்துவிட்டால், அடுத்த ஆட்டத்துக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கமாட்டார்கள்.