கிரிட்டாவில் செலக்ஷனும் மாஸ்க்கும்

ஓவியம் வரையும் மென்பொருளான கிரிட்டாவில் ஒரு முகத்தின் கோட்டோவியம் முடிந்தது, நிறம் நிரப்ப வேண்டும். தொடர் பரப்பைத் தேர்வு செய்யும் மந்திரக்கோல் கருவியை எடுத்து, கோட்டு லேயரில் (லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி) நின்றபடி முகத்துக்குள் ஒரு கிளிக். அந்தப் பரப்பு தேர்வாகிவிடும், அதுதான் செலக்ஷன். அப்படியே நிறம் கொட்டினால் கோட்டுக்கும் நிறத்துக்கும் நடுவே மெல்லிய வெள்ளை விளிம்பு ஒன்று தெரியும், பார்க்கவே உறுத்தும். அதனால் செலக்ட் மெனுவில் ‘க்ரோ செலக்ஷன்’ போய் 2 பிக்சல் கூட்டுங்கள், அப்புறம் கோட்டுக்குக் கீழே இருக்கும் லேயருக்கு மாறி ஷிஃப்ட்+பேக்ஸ்பேஸ் அழுத்தினால் நிறம் கோட்டுக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

சரி, முடி நெற்றியில் அதிகமாக விழுந்துவிட்டதா? தயவுசெய்து அழிப்பானைத் தொடாதீர்கள், அழித்தது அழிந்ததுதான். முடி லேயரை வலது கிளிக் செய்து டிரான்ஸ்பரன்சி மாஸ்க் ஒன்றைச் சேருங்கள், அது லேயரை அழிக்காமல் மறைக்கும் திரை. அதன்மேல் கறுப்பால் தீட்டினால் முடி மறையும், வெள்ளையால் தீட்டினால் திரும்பி வரும், சாம்பல் நிறம் பாதி மறைக்கும். மென்மையான பிரஷ்ஷில் சாம்பலை எடுத்து முடி நுனிகளில் லேசாகத் தடவிப் பாருங்கள், நெற்றித் தோல் அதற்குள்ளிருந்து மெல்ல எட்டிப் பார்க்கும், எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். தீட்டும் முன் லேயர் பட்டியலில் மாஸ்க்தான் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் முடிமேலேயே கறுப்பு அப்பிவிடும்.

பிரஷ் திடீரென்று வேலை செய்யவில்லையா? பெரும்பாலும் பழைய செலக்ஷன் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும், அதற்கு வெளியே பிரஷ் தீட்டாது. கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஏ அழுத்துங்கள், அந்த செலக்ஷன் நீங்கிவிடும்.