சின்னப் பாய்மரப் படகில் இரண்டாவது தண்ணீர் டேங்க்

எட்டு, ஒன்பது மீட்டர் பாய்மரப் படகுகள் பலவற்றில் குடிநீர் டேங்க் 50, 60 லிட்டர்தான் பிடிக்கும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வைத்தால், இரண்டு பேருக்குப் பத்து நாளைக்கு 80 லிட்டர். காற்று விழுந்து பயணம் இழுத்தால் சமாளிக்க மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வேண்டும். ஆக, இன்னும் 50 லிட்டராவது தேவை.

ஒரு லிட்டர் ஒரு கிலோ. அந்த எடையை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில் வைத்தால் படகு மூக்கைக் குத்தும். நடுவில், இருக்கைக்கு அடியில், முடிந்தவரை தாழ்வாக வையுங்கள். எதிர்ப் பக்கம் பேட்டரியோ கருவிப்பெட்டியோ போனால் எடை சமமாகும்.

டேங்க் வாங்குமுன் இருக்கைக்கு அடியிலுள்ள அறையை மட்டுமல்ல, அதன் மூடி வாயையும் அளந்துகொள்ளுங்கள். அறைக்குள் கச்சிதமாகப் பொருந்தும் டேங்க் பல நேரம் வாய்க்குள் நுழையாது. நுழைந்தால் கெட்டியான பாலிஎத்திலீன் டேங்கே மேல். நிரம்பினால் அது சற்று உப்பும். சுற்றிலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடம் விட்டு, அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, பட்டையால் இறுக்குங்கள். கோணல் அறைக்குப் பை டேங்க்தான் வழி. ஆனால் அது உராய்ந்தே கிழியும். நீட்டியிருக்கும் திருகு முனைகளை வெட்டி, ஃபைபர் சிலும்புகளைத் தேய்த்து, ரப்பர் விரிப்புப் போட்ட பிறகே பையை இறக்க வேண்டும்.

இரண்டு டேங்குகளையும் அடியில் ஒரே குழாயால் இணைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. படகு மணிக்கணக்கில் ஒரே பக்கம் சாய்ந்து ஓடும்போது மேல் டேங்க் தண்ணீர் முழுவதும் கீழ் டேங்குக்கு இறங்கி, அதன் காற்றுக்குழாய் வழியே வழிந்துவிடும். ஒன்றில் ஓட்டை விழுந்தாலோ தண்ணீர் கெட்டாலோ இரண்டும் போச்சு. ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு, தனிக் குழாய். பம்புக்கு முன்னால்தான் இணைய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வால்வு மட்டும் திறந்திருக்கட்டும்.

கெட்டி டேங்குக்குக் காற்றுக்குழாய் கட்டாயம். அது அடைத்திருக்க, கரைக்குழாயை மாட்டி வேகமாக நிரப்பினால் டேங்க் விரிசல் விடும். பம்பு இழுத்தால் ஒடுங்கும். காற்றுக்குழாய்க்கு 16 மில்லிமீட்டர் விட்டம் போதும். அதை டேங்குக்கு நேர்மேலே மேல்தளத்தின் அடிவரை ஏற்றி, முனையைக் கீழ்நோக்கி வளைத்துப் படகுக்குள்ளேயே விடுங்கள். வெளிச்சுவரில் திறந்தால் சாயும்போது கடல்நீர் புகும். நிரப்பும் குழாய் 38, பம்புக்குப் போவது 12 அல்லது 13 மில்லிமீட்டர். எல்லாமே குடிநீருக்கானதாக, ஒளி புகாததாக இருக்கட்டும். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். இத்தனை சிறிய டேங்குக்காக மேல்தளத்தில் புதுத் துளை போடத் தேவையில்லை, உள்ளிருந்தே நிரப்பலாம்.

மின்பம்பு வைத்தாலும் கால் பம்பு ஒன்று இருக்கட்டும். குழாய் கழன்றது தெரியாமல் மின்பம்பு ஓடினால் டேங்க் முழுக்க பில்ஜில், அதாவது படகின் அடிப்பள்ளத்தில் கொட்டிவிடும்.

முதல் தடவை ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, அளவுகோலில் குறியிடுங்கள். ஒரு நாள் விட்டுக் கசிவு பார்த்த பின்பே மூடியைத் திருகுங்கள். கழுவ, 100 லிட்டருக்கு 100 மில்லி வாசனையில்லாத 5 சதவீதப் பிளீச் கலந்து, குழாய்களிலும் ஓடவிட்டு, நாலு மணி நேரம் கழித்துக் கொட்டி, வாசனை போகும்வரை அலசுங்கள். அலுமினிய டேங்கில் பிளீச் கூடாது, அரித்துவிடும்.

எத்தனை டேங்க் இருந்தாலும் 10 லிட்டர் கேன் ஒன்று தனியே வேண்டும். அதைத் தளும்ப நிரப்பாமல் கொஞ்சம் காற்று விட்டு மூடினால், படகைவிட்டு இறங்க நேர்ந்தாலும் கடலில் மிதக்கும்.