அந்த இரவுக்குப் பிறகு: புதிய உறவைத் தொடர்வதா, விடுவதா என்று முடிவெடுப்பது எப்படி?

பழகத் தொடங்கி மூன்று நான்கு மாதங்களே ஆன ஒருவர், கல்யாண வீட்டிலோ நண்பர்களோடு போன இடத்திலோ அளவு மீறிக் குடித்து, நாலு பேர் முன்னால் உங்களைத் தலைகுனிய வைத்துவிட்டால், மறுநாள் காலையில் மனதில் எழுகிற முதல் கேள்வி ‘இதோடு விட்டுவிடலாமா’ என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்கு அந்தக் காலையிலேயே பதில் தேட வேண்டாம். நடந்த சம்பவம் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும், அதன் பின் வருகிற பத்துப் பதினைந்து நாட்களில் அவர் தெளிந்த புத்தியோடு என்ன செய்கிறார் என்பதே உங்களுக்கு அதிகம் சொல்லும்.

காத்திருக்கவே கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு. அவர் உங்கள் மேல் கை நீட்டியிருந்தால், விருப்பத்துக்கு மாறாகத் தொட்டிருந்தால், போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வெளியே விடாமல் கதவை அடைத்திருந்தால், கையில் இருக்கும் படங்களைக் காட்டி மிரட்டியிருந்தால், இங்கே நான் மேற்கொண்டு எழுதுவது எதையும் நீங்கள் எடைபோட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை, விலகிவிடுங்கள். ‘போதையில் செய்துவிட்டேன்’ என்பது நடந்ததை விளக்கலாமே தவிர, அடுத்த முறை நடக்காது என்பதற்கு உறுதி ஆகாது. பெண்களுக்கான உதவி எண் 181, அவசரத்துக்கு 112. திருமணம் ஆகாமலே கணவன் மனைவியைப் போல ஒரே வீட்டில் வாழ்ந்த பெண்களுக்கும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை.

குடித்துவிட்டு உங்களைப் பின்னால் உட்கார வைத்து வண்டி ஓட்டியதையும் நான் ஏறக்குறைய இதே வரிசையில்தான் வைப்பேன். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரும் சாலையில் இரவில் எதிரே வருகிற லாரி வெளிச்சத்தைப் பார்த்தவர்களுக்குச் சட்டம் எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மற்றவை எல்லாம் மானக்கேடு வகையைச் சேர்ந்தவை: வாந்தி, உளறல், அழுகை, பந்தலில் விழுந்து கிடப்பது. என் அக்காள் மகளுக்கு நேர்ந்தது அப்படியொன்று. தக்கலைப் பக்கம் ஒரு தோழியின் கல்யாணத்துக்கு, பழகி நான்கு மாதமே ஆகியிருந்த பையனையும் அழைத்துப் போயிருந்தாள். முந்தைய இரவு பந்தலின் பின்புறம் காய்கறி வெட்டிக்கொண்டிருந்த ஆண்களோடு அவன் உட்கார்ந்துவிட்டான். நடுச்சாமத்தில் எழுந்தவன், குளியலறை என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் பந்திக்கென்று சுவரோரம் சாத்தி வைத்திருந்த மட்டி வாழைக்குலைகளின் மேல் சிறுநீர் கழித்துவிட்டுப் பேசாமல் திரும்பி வந்து படுத்துக்கொண்டான். பார்த்தது தோழியின் பாட்டி. விடியும் முன்னே இரண்டு குலைகளைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு, வேறு குலை வாங்க ஆள் ஓடியது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழத்துக்கு இப்படி ஒரு கதி வந்ததே என்று எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை.

“சித்தி, அவன் ஒண்ணுமே நடக்காத மாதிரி பேசுகான்” என்று அவள் அழுதபோது, முதலில் நான் அவளுக்கு விளக்கியது இதைத்தான். குறுகிய நேரத்தில் அதிகமாகக் குடிக்கும்போது, புதிய நினைவுகளைப் பதிவு செய்கிற மூளைப் பகுதி வேலை செய்யாமல் போய்விடுகிறது. ஆள் நடப்பார், பேசுவார், கதவைக்கூடத் திறப்பார், ஆனால் மறுநாள் அவருக்கு அது நினைவில் இருக்காது, ஏனென்றால் அது பதியவே இல்லை. ஆகவே ‘ஞாபகம் இல்லை’ என்று சொல்கிறவர் பொய்தான் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட முடியாது. அதே சமயம், அந்த அளவுக்குக் குடித்திருக்கிறார் என்பதற்கு அவர் வாயாலேயே வந்த சாட்சி அது. அது முதல் தடவையா, ஐந்தாவது தடவையா என்று கேட்டறிய வேண்டும்.

அளவைப் பற்றியும் ஒரு கணக்கு தெரிந்திருப்பது நல்லது. நம் ஊரில் குவார்ட்டர் என்று சொல்லும் 180 மில்லி பிராந்தியில், 42.8 சதவீத வீரியம் என்று வைத்தால், ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஈரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் வரைதான் அதை வெளியேற்றும். அதாவது ஒரு குவார்ட்டர் முழுதாக இறங்க ஆறு முதல் எட்டரை மணி நேரம் வேண்டும். மோர், எலுமிச்சைச் சாறு, தலையில் ஊற்றும் தண்ணீர் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. நள்ளிரவு வரை இரண்டு குவார்ட்டர் குடித்தவர் காலை ஏழு மணிக்குக் குளித்துப் பவுடர் போட்டு வந்து நின்றாலும் போதை இன்னும் இரத்தத்தில் இருக்கிறது. ஆகையால் அன்று காலையில் அவர் கேட்கும் மன்னிப்பையும், அன்று காலையில் நீங்கள் கொட்டும் கோபத்தையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரண்டு நாள் போகட்டும். இந்த இரண்டு நாளில் நீங்களாக எதையும் சொல்லிக்கொடுக்காமல் கவனியுங்கள். அவராகவே வந்து பேச்செடுக்கிறாரா, யாருக்குத் தொல்லை நேர்ந்ததோ அவர்களிடம் போய் நிற்கிறாரா, அல்லது அதை வேடிக்கைக் கதையாக்கி நண்பர்கள் குழுவில் போட்டுச் சிரிக்கிறாரா? எல்லாவற்றையும்விட மோசமான அறிகுறியாக நான் நினைப்பது, பழியை வேறொருவர் மேல் இறக்கி வைப்பது: ஊற்றிக் கொடுத்தவன் சரியில்லை, சரக்கு சரியில்லை, நீ சீக்கிரம் கூட்டிப் போயிருக்கலாம். இந்த மூன்றாவது வாக்கியத்தை ஒருவர் சொல்லக் கேட்டால் நான் அந்த இடத்திலேயே எழுந்து போய்விடுவேன். அக்காள் மகளின் விஷயத்தில் பையன் மூன்றாம் நாள் தனியாகத் தக்கலைக்குப் போய்ப் பாட்டியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டு, குலைக்கான பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தான். நானே அசந்துபோனேன். அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று அவளிடம் சொன்னதும் நான்தான்.

பிறகு நேரில் பேச வேண்டும். வாட்ஸ்அப்பில் வேண்டாம், வீட்டில் வேண்டாம், இரவில் வேண்டவே வேண்டாம். பகல் வெளிச்சத்தில், ஆள் நடமாட்டம் உள்ள இடமாகப் பாருங்கள். நாகர்கோவில் என்றால் வேப்பமூடு பூங்காவில் ஒரு பெஞ்ச் போதும். (நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கே உட்கார்ந்தாலும் யாராவது ஒரு மாமா பார்த்துவிட்டு வீட்டுக்குச் சொல்வார், அதற்குப் பயந்து ஒதுக்குப்புறமான கடற்கரைக்குப் போகாதீர்கள்.) ‘எனக்கு வெட்கமாக இருந்தது’, ‘எனக்குப் பயமாக இருந்தது’ என்று உங்கள் பக்கத்தை முதலில் சொல்லிவிட்டு, பிறகு கேளுங்கள்: எவ்வளவு குடித்தீர்கள், இதற்கு முன் இப்படி நினைவு தப்பியது எப்போது, வாரத்தில் எத்தனை நாள் குடிக்கிறீர்கள். எண்ணிக்கை சொல்லும்போது பீரையும் கள்ளையும் சேர்த்துத்தான் சொல்கிறாரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருந்தாலும் களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை இருக்கிறது. அங்கே போய்வருவதைக் குடியில் சேர்க்காத ஆண்கள் நம் மேற்குப் பகுதியில் நிறையப் பேர்.

மருத்துவர்கள் குடிப்பழக்கத்தைச் சோதிக்க நான்கு எளிய கேள்விகளைப் பயன்படுத்துகிறார்கள். குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்ததுண்டா, குடிப்பதைப் பற்றிப் பிறர் குறை சொல்லும்போது எரிச்சல் வருகிறதா, குடித்ததற்காகக் குற்ற உணர்வு வந்ததுண்டா, காலையில் எழுந்ததும் நடுக்கத்தையோ தலைவலியையோ போக்கக் குடித்ததுண்டா? இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் தீவிரமாக விசாரிக்க வேண்டிய நிலை என்று கொள்வார்கள். நீங்கள் மருத்துவர் இல்லை என்பதால் தீர்ப்புச் சொல்ல இதைக் கையில் எடுக்காதீர்கள்; ஆனால் கடைசிக் கேள்விக்கு ஒருவர் ‘ஆம்’ என்றால், கல்யாண வீட்டில் நடந்தது தற்செயல் இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

இந்தக் கட்டத்தில் சுற்றியிருப்பவர்களின் அபிப்பிராயம் வந்து சேரும். நம் மாவட்டத்தில் அது இரண்டு எதிர்த் திசைகளிலிருந்து வரும். வடசேரியில் மருத்துவமனை நடத்தும் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ சபையில் ‘போர்வீரர்’ எனப்படும் உறுப்பினராகச் சேர்கிறவர்கள் மதுவைத் தொடுவதில்லை என்று கையெழுத்திட்டுக் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு கிளாஸ் பீர்கூடக் குடிகாரன் என்ற பட்டத்தை வாங்கித் தந்துவிடும். பக்கத்துத் தெருவிலேயே, ‘ஆம்பளைன்னா கொஞ்சம் குடிக்கத்தான் செய்வான், கல்யாணம் ஆனா சரியாயிரும்’ என்று ஆறுதல் சொல்லும் குடும்பமும் இருக்கும். முதல் தரப்பு சில நல்லவர்களை இழக்க வைக்கும். இரண்டாம் தரப்பு பெண்களின் இருபது வருடத்தைத் தின்றுவிடும். எனக்கு இரண்டாவது தரப்பின் மேல்தான் கோபம் அதிகம். கல்யாணம் குடிக்கு மருந்து என்று எந்த வைத்தியரும் எழுதிக் கொடுத்ததில்லை. தேவாலயத்தில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பான ஓலை வாசித்து, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு பின்வாங்குவது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பார்த்தால், நான்கு மாதத்தில் யோசிக்கக் கிடைத்ததை வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும்.

தொடர்வது என்று தீர்மானித்தால் அதற்கும் ஒரு காலவரை வேண்டும். ஆறு அல்லது எட்டு வாரம் என்று உங்கள் மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ‘இனி ஒருபோதும் தொடமாட்டேன்’ என்று அம்மை மேல் சத்தியம் செய்யச் சொல்லாதீர்கள். பெரிய சத்தியங்கள் ஒளித்துக் குடிக்கத்தான் கற்றுக்கொடுக்கும். கல்யாண வீட்டில் குடிப்பதில்லை, குடித்தால் வண்டி எடுப்பதில்லை, குடித்ததை மறைப்பதில்லை என்று கண்ணால் பார்க்கக்கூடிய இரண்டு மூன்று விஷயங்களை மட்டும் பேசி முடிவு செய்யுங்கள். அதற்காகத் தினமும் வாயை முகர்ந்து பார்க்கும் காவல்காரியாக மாறிவிடாதீர்கள். அப்படிப் பார்த்தால்தான் நிம்மதி என்ற நிலைக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள் என்றால், அந்த ஒன்றை வைத்தே முடிவுக்கு வரலாம்.

தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் என்று தெரிய வந்தால் வேறொரு எச்சரிக்கை அவசியம். உங்களுக்காக ஒரே நாளில் நிறுத்திக் காட்டுகிறேன் என்று அவர் ரோஷத்தோடு சொன்னால் அதை ஊக்கப்படுத்தாதீர்கள். நீண்ட நாள் பழக்கத்தைத் திடீரென்று நிறுத்தும்போது முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். போதை மறுவாழ்வுக்கான கட்டணமில்லா தேசிய உதவி எண் 14446. வழியைச் சொல்லிக்கொடுப்பதோடு உங்கள் கடமை முடிந்தது. கையைப் பிடித்து அழைத்துப் போகவும் கட்டில் அருகே காத்திருக்கவும் அவருக்குக் குடும்பம் இருக்கிறது. நான்கு மாதப் பழக்கத்தில் அந்தப் பாரத்தை ஏற்காமல் ஒதுங்குவதைத் துரோகம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

விடுவது என்று தீர்மானித்தால், அவர் தெளிவாக இருக்கும் பகல் நேரத்தில், இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். பயம் ஏதும் இருந்தால் போனில் சொன்னால் போதும். காரணத்தை நீட்டிச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுப்பு வரும். முன்னதாகவே ஒரு தோழியிடமோ அக்காளிடமோ சொல்லி வையுங்கள். போன், மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள். அவருக்குக் கொடுக்க வேண்டிய பணமும் பொருளும் இருந்தால் மூன்றாவது ஆள் மூலம் ஒரே தடவையில் கொடுத்து முடியுங்கள். டாஸ்மாக் அடைத்த பிறகு வருகிற அழைப்புகளை எடுக்காதீர்கள். ‘செத்துப்போவேன்’ என்று சொன்னால் அதை அலட்சியம் செய்யவும் கூடாது, அதற்காகத் திரும்பிப் போகவும் கூடாது; உடனே அவர் வீட்டில் ஒருவருக்குத் தெரிவித்துவிட்டு, மனநல உதவிக்கான 14416 என்ற எண்ணையும் கொடுத்துவிடுங்கள்.

அக்காள் மகள் ஆறு வாரம் காத்திருந்தாள். ஐந்து வாரம் ஒரு குறையும் இல்லை. ஆறாவது வாரம் சங்குத்துறைக் கடற்கரைக்குப் போனபோது, வண்டிச் சாவியை வைக்கப் பெட்ரோல் டாங்க் கவரின் ஜிப்பைத் திறந்தவள், உள்ளே பாதி காலியான ஒரு குவார்ட்டர் பாட்டிலைப் பார்த்திருக்கிறாள். மணி மதியம் மூன்று. அவன் அன்று குடித்ததாகவே தெரியவில்லையாம், பேச்சில் தடுமாற்றம் இல்லை, நடையில் தள்ளாட்டம் இல்லை. அங்கே ஒன்றும் கேட்காமல், பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, மறுநாள் பகலில் போன் செய்து முடித்துக்கொண்டாள். “அந்தக் குலைக்காகவா?” என்று கேட்டானாம். “குலைக்காக இல்லை, டாங்க் கவருக்காக” என்று சொல்லி வைத்துவிட்டாள்.